டெக்குக்கு எழுத்தின் முகம் தெரியாது

எங்கள் வீட்டில் 'அப்ட்மேப்' என்ற கட்டளைக்குக் கெட்ட பெயர். அந்தக் கதைக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு.

டொனால்ட் குனூத் 1977-ல், தன் புத்தகத்தின் மறுபதிப்புக்கு வந்த புரூஃப் பிடிக்காமல், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுத ஆரம்பித்தார். அதில் ஒரு விசேஷம்: டெக்குக்கு எழுத்தின் உருவமே தெரியாது. அதுக்கு 'அ'வும் ஒரு பெட்டி, 'ழ'வும் ஒரு பெட்டி. அகலம், உயரம், பக்கத்து எழுத்தோடு எவ்வளவு நெருங்கலாம் என்ற கணக்கெல்லாம் 'டிஎஃப்எம்' கோப்பில் இருக்கும். வரியை உடைக்க அது போதும். உருவத்தைத் தாளில் பதிப்பது வேறொரு நிரலின் பாடு.

குனூத்தின் சொந்த எழுத்துருக்களில் அளவும் உருவமும் மெட்டாஃபான்ட் என்ற ஒரே இடத்திலிருந்து வந்ததால் சிக்கல் இல்லை. போஸ்ட்ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் வந்ததும் வினை ஆரம்பம். டெக் சொல்லும் பெயர் ஒன்று, எழுத்துருவின் பெயர் இன்னொன்று. டாஸில் கோப்புப் பெயருக்கு எட்டு எழுத்துதான் என்பதால் கார்ல் பெர்ரி ஒரு சுருக்க முறை வகுத்தார். அதில் அடோபியின் டைம்ஸ் 'பிடிஎம்ஆர்8டி' ஆனது. சாதிக்காய் பெட்டியில் பூட்டின மாதிரி ஒரு பெயர்! இந்தப் பெயர்களை ஜோடி சேர்க்கும் பட்டியல்தான் 'மேப்' கோப்பு. பல தொகுப்புகளின் சின்னச் சின்னப் பட்டியல்களை ஒன்றாகத் தைக்க, டீடெக் தொகுப்பை நடத்திய தாமஸ் எஸ்ஸர் எழுதியது அப்ட்மேப்.

பிற்பாடு அதுக்கு இரண்டு வடிவம் வந்தது. 'சிஸ்' சேர்த்து ஓட்டினால் கணினி முழுமைக்கும். சேர்க்காவிட்டால் உங்கள் ஹோம் அடைவில் தனிப் பட்டியல். டெக் முதலில் தேடுவது அந்தத் தனிப் பட்டியலைத்தான். அது இருக்கும்வரை, கணினியில் புதுசா நிறுவும் எந்த எழுத்துருவும் உங்கள் கண்ணுக்குப் படாது. அப்போதைக்கு எல்லாம் சரியாக ஓடும் என்பதுதான் கொடுமை.

2012-ல் மனைவியின் ஆய்வேடு அழகாக வரட்டும் என்று ஒரு கேரமாண்ட் எழுத்துருவை நிறுவி, 'சிஸ்' இல்லாமல் ஓட்டிவிட்டேன். சில மாதம் கழித்து, சமர்ப்பிப்பதற்கு முந்தின ராத்திரி, அவள் ஒரு குறியீட்டுத் தொகுப்பைச் சேர்த்தாள். எழுத்துரு கிடைக்கவில்லை என்று பிழை. கோப்பு வட்டில் பத்திரமாக இருக்கு, பட்டியலிலும் இருக்கு, ஆனா கிடைக்கலையாம். காலையில் பைண்டிங் கொடுக்கணும். நான் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குத்தான் அந்தத் தனி அடைவு கண்ணில் பட்டது. அழித்தேன், ஓடியது.

இதில் விழுந்தவன் நான் மட்டுமில்லை. டெக்லைவ் 2017-ல் ஒரு மாற்றம் செய்தார்கள்: வெறுமனே அப்ட்மேப் என்று அடித்தால் இனி ஓடாது. 'சிஸ்'ஸா 'யூசர்'ஆ என்று நீங்களே சொல்லியாகணும்.

ஜொனாதன் கியூ 2004-ல் வெளியிட்ட ஸீடெக், கணினியில் இருக்கும் எழுத்துருவை நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்கும். தமிழுக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனா கணிதக் குறிகளுக்குப் பழைய எழுத்துரு எட்டிப் பார்த்தால், அங்கேயும் அதே மேப் கோப்புதான்.