கான்டசாவும் ஸ்டாண்டர்டு 2000-உம்: இரண்டு கார்களின் எஞ்சின் வரலாறு

நடுத்தர அளவுள்ள காரில் பெரிய காருக்குரிய எஞ்சினைப் பொருத்தினால் அமெரிக்காவில் அதை ‘மசில் கார்’ என்பார்கள். 1964ஆம் ஆண்டின் பான்டியாக் ஜி.டி.ஓ. இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் இருந்தது 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். இந்தியாவில் அந்தப் பட்டத்தைப் பலரும் கான்டசாவுக்குச் சூட்டுகின்றனர். நீண்ட முகப்பைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் எஞ்சின் கதை நேர்மாறானது.

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1984-இல் கான்டசாவை வெளியிட்டது. அதன் வடிவம் பிரிட்டனின் வாக்ஸால் வி.எக்ஸ். காருடையது. அங்கே அந்த உடலுக்கு 1.8, 2.3 லிட்டர் எஞ்சின்கள் கிடைத்தன. இங்கே கையில் இருந்தது அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சின்தான்; ஏறத்தாழ 50 குதிரைத்திறன், நான்கு கியர். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலம் அது. பெரிய உடலைச் சிறிய எஞ்சின் திணறியே இழுத்தது.

சில ஆண்டுகளில், ஜப்பானின் இசுசு நிறுவனத்தின் 1817 சி.சி. பெட்ரோல் எஞ்சின் வந்தது. ஆற்றல் 80 குதிரைத்திறனைத் தாண்டியது. கூடவே ஐந்து கியர் பெட்டியும் வந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஐந்தாவது கியரில், அதே வேகத்துக்கு எஞ்சின் குறைந்த சுற்றுகளே சுற்றினால் போதும். இரைச்சலும் எரிபொருள் செலவும் குறையும். பின்னர் 2 லிட்டர் டீசல் எஞ்சினும் சேர்ந்தது. கான்டசா 2002 வரை உற்பத்தியில் நீடித்தது.

சென்னையை அடுத்த வண்டலூரில் நடந்தது வேறு. ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட ‘ஸ்டாண்டர்டு 2000’, பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடல். ரோவரில் 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின்கூட இருந்தது. வண்டலூரில் அதற்குள் வைத்ததோ பழைய வாங்கார்டு வழிவந்த 1991 சி.சி. எஞ்சின். விலை அதிகம், எரிபொருளும் அதிகம் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. என் பார்வையில், அழகில் கான்டசாவை மிஞ்சிய கார் அது. மாற்று எஞ்சின் வரும்வரை அது பிழைத்திருக்கவில்லை.

காரைக்குடி போன்ற ஊர்களில் பழைய 1489 சி.சி. கான்டசாவை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு இந்த வரலாறு பயன்படும். தொழிற்சாலையே அந்த உடலில் பொருத்திய இசுசு எஞ்சினை அதன் கியர் பெட்டியோடு சேர்த்து எடுப்பது, முற்றிலும் அந்நியமான எஞ்சினைத் திணிப்பதைவிடச் சிக்கல் குறைந்த வழி. எதைப் பொருத்தினாலும் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற்று, பதிவுச் சான்றிதழில் புதிய எஞ்சின் எண்ணை ஏற்ற வேண்டும். இன்னொன்றையும் யோசிக்கலாம். 2021-இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிய, அதன் எஞ்சினோ உடலோ மாற்றப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும். முதல் கான்டசாக்களுக்கு அந்த வயது 2034-இல் வருகிறது.