பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனை: கொடையும் கூலியும்

மும்பை பரேலில் உள்ள பாய் ஜெர்பாய் வாடியா குழந்தைகள் மருத்துவமனை 1929ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இந்தியாவில் குழந்தைகளுக்கெனத் தனியே எழுந்த தொடக்ககால மருத்துவமனைகளுள் இது ஒன்று. இதன் வரலாறு பெரும்பாலும் ஒரு பார்சிக் குடும்பத்தின் கொடை வரலாறாகவே சொல்லப்படுகிறது. துணியாலை அதிபர் நவ்ரோஜி வாடியாவின் பெயரில் 1926இல் மகப்பேறு மருத்துவமனையும், அவருடைய மனைவி ஜெர்பாயின் பெயரில் குழந்தைகள் மருத்துவமனையும் அமைந்தன. இவ்வரலாற்றில் பிழையில்லை, குறை உண்டு. மருத்துவமனை ஏன் பரேலில், ஏன் அந்தப் பத்தாண்டில் எழுந்தது என்பதை அது விளக்குவதில்லை.

பரேலும் அதைச் சூழ்ந்த பகுதிகளும் அன்று 'கிரண்காவ்', அதாவது ஆலைகளின் ஊர், என்று அழைக்கப்பட்டன. கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் 'சால்' எனப்படும் ஒற்றையறைக் குடியிருப்புகளில் நெருங்கி வாழ்ந்தனர். 1921ஆம் ஆண்டுக்கான நகரச் சுகாதாரக் கணக்கின்படி, பதிவான 1000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 667 சிசுக்கள் இறந்தன. வீட்டின் அளவைக் கொண்டு பிரித்தால், ஓரறைக் குடியிருப்பில் இவ்வீதம் 828, ஈரறையில் 322, மூவறையில் 191, நான்கும் அதற்கு மேலும் உள்ளவற்றில் 133.

இவ்வெண்களை அப்படியே ஏற்பதற்கில்லை. தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பலர் பிரசவத்துக்குச் சொந்த ஊர் சென்று, கைக்குழந்தையோடு நகரம் திரும்பினர். பிறப்பு கிராமத்தில் நிகழ, இறப்பு மட்டும் நகரக் கணக்கில் ஏறியது. இதனால் வீதம் மிகைப்பட்டிருக்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் மிகுந்த ஓரறைக் குடியிருப்புகளில் அம்மிகை கூடுதலாகவும் இருந்திருக்கலாம். எனினும் ஈரறைக்கும் நான்கறைக்கும் இடையிலேயே வீதம் இரு மடங்குக்கு மேல் வேறுபடுவதைப் பதிவுப் பிழை ஒன்றினால் விளக்கிவிட முடியாது.

அறையைப் போலவே வேலை நேரமும் குழந்தையின் உயிரோடு தொடர்புடையது. ஆலைப் பெண்தொழிலாளர்களின் மகப்பேற்று நிலையை 1921–22இல் ஆராய்ந்த மருத்துவர் பார்ன்ஸ், அவர்களுடைய சிசுக்களில் நூற்றுக்கு 98 பேருக்கு அபின் கொடுக்கப்படுவதாக எழுதினார். 'பால கோலி' என்னும் மாத்திரையை விழுங்கிய குழந்தை, தாய் ஆலையிலிருந்து திரும்பும் வரை உறங்கிக் கிடந்தது. இதைத் தாயின் அறியாமை என்று கூறுவது எளிது. ஆனால் நாள் முழுதும் தறியருகே நின்றவளுக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு வழி எது என்ற கேள்வியும் அதே அறிக்கையிலிருந்து எழுகிறது.

அக்கேள்விக்கு 1929ஆம் ஆண்டு இரு விடைகள் கிடைத்தன. ஒன்று மருத்துவமனை. மற்றொன்று, அதே ஆண்டு இயற்றப்பட்ட பம்பாய் மகப்பேற்று நலச் சட்டம். பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஏழு வாரம் வரை, நாளொன்றுக்கு எட்டணா உதவித்தொகை பெறும் உரிமையை அது ஆலைப் பெண்களுக்கு அளித்தது. 1928இல் சட்டமன்றத்தில் அம்மசோதாவை ஆதரித்த அம்பேத்கர், பெண்ணின் உழைப்பால் பயன்பெறும் முதலாளியும் இச்செலவில் பங்கேற்க வேண்டும் என்று வாதிட்டார். பம்பாய் ஆலைத் தொழிலாளர்களின் ஆறு மாதப் பெருவேலைநிறுத்தம் நிகழ்ந்ததும் அதே ஆண்டில்தான். மருத்துவமனையைக் கட்டிய செல்வம் ஆலையில் விளைந்தது. அதன் கட்டில்களுக்கு வந்த நோயும் பெரும்பகுதி ஆலையைச் சூழ்ந்த வாழ்வில் விளைந்தது. கொடையையும் சட்டத்தையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

இவ்வாறு கூறுவது மருத்துவமனையின் பங்கைக் குறைப்பதாகாது. குழந்தை மருத்துவம் அன்று பொது மருத்துவத்தின் ஒரு மூலையில் இருந்தது. ஜே.ஜே. மருத்துவமனையில் 1928இல் ஜார்ஜ் கோயல்ஹோ தொடங்கிய குழந்தைகள் பிரிவும், பரேலின் தனி மருத்துவமனையும், குழந்தையின் உடலைச் சிறிய அளவிலான பெரியவர் உடலாகக் கருதும் வழக்கத்தை மாற்ற இடம் தந்தன. தனித் துறையாகவும் தனிப் பயிற்சியாகவும் வளர்ந்த அம்மரபின் தொடர்ச்சியாகவே 1963இல் இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் உருவாயிற்று.

1982ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்நிலங்களில் இன்று அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும் நிற்கின்றன. மருத்துவமனை மட்டும் அதே இடத்தில் இயங்குகிறது. நகருக்கு அப்பாலிருந்தும் குழந்தைகள் அங்கே கொண்டுவரப்படுகின்றனர். 2020 ஜனவரியில் மானியம் குறித்த பூசலால் அதன் சேவை தடைப்படும் நிலை எழுந்தபோது, மும்பை உயர் நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. குழந்தையின் உயிருக்கு யார் செலவிடுவது என்னும் 1928ஆம் ஆண்டு வாதம் இன்னும் முடியவில்லை என்பதற்கு இதுவே சான்று.

மருத்துவமனை வரலாறு எழுதுவோர் கல்வெட்டிலுள்ள கொடையாளர் பெயரோடு நின்றுவிடாமல், நோயாளியின் முகவரியையும் தாயின் தொழிலையும் தேட வேண்டும். நோய் நீங்கிய குழந்தை எந்த அறைக்குத் திரும்பியது என்பதும் மருத்துவ வரலாற்றின் பகுதியே.