இரும்பு விளையாக் கரையும் இல்லத்துக் கத்தியும்

மனிதன் நாள்தோறும் கையிலெடுக்கும் கருவிகளுள், சமையற்கத்தியைப் போல வரலாற்றாசிரியரின் கவனத்துக்குத் தப்பியது பிறிதொன்று இல்லை எனலாம். போர்வாளைப் புலவர் பாடினர், கல்வெட்டுகள் போற்றின. மீன் அரிந்த கத்தியோ தேய்ந்து, துருவேறி, மண்ணோடு மண்ணாயிற்று. ஆயினும் ஒரு சமுதாயம் உலோகத்தைப் பற்றி எவ்வளவு அறிந்திருந்தது என்பதை அதன் படைக்கலங்கள் மட்டுமன்றி, அடுக்களைக் கருவிகளும் காட்டுவன. நல்ல கத்தி எது என்று ஆராய்ந்து வாங்கும் அறிவும் வரலாறு உடையதே. அதனை மன்னார்க் கரையோரத்தை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவது பொருத்தமுடையதாகும்.

மன்னார்த் தீவு மணலும் சுண்ணக்கல்லும் கொண்ட தாழ்நிலம். பனையும் மீனும் முத்தும் சங்கும் இப்பகுதியின் செல்வங்கள். இரும்புத்தாது மட்டும் இங்கு இல்லை. மீனை அரியவும், கருவாட்டுக்காகப் பிளக்கவும், பனம்பாளையைச் சீவவும் வேண்டிய இரும்பு எக்காலத்தும் வெளியிலிருந்தே வரவேண்டியிருந்தது. இரும்பு விளையும் நாட்டான் தன் ஊர்க் கொல்லனை நம்பி வாழலாம். இரும்பு விளையாக் கரையில் வாழ்பவனோ பிறர் செய்த இரும்பின் தரத்தைத் தானே மதிப்பிட்டறிய வேண்டியவனாகிறான்.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில், திருக்கேதீச்சரத் திருத்தலம் அமைந்துள்ள மாந்தை, பண்டை அநுராதபுர அரசின் பெருந்துறைமுகமாக விளங்கியது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் நடைபெற்ற அகழ்வுகள், சீனம் முதல் மேற்காசியா வரையான நாடுகளின் பொருள்கள் இங்கு வந்திறங்கியமையைப் புலப்படுத்தின. போர் காரணமாக நின்ற ஆய்வு 2009-2010இல் மீண்டும் தொடர்ந்தது. அதிற் கிடைத்த தாவர எச்சங்கள் பற்றிய கட்டுரை 2018இல் வெளியாயிற்று. நெல், கோதுமை, மிளகு ஆகியவற்றோடு ஒரேயொரு கிராம்பும் கிடைத்தது. மாந்தையின் அடுக்களைகளில் உள்நாட்டு நெல்லும் கடல்கடந்து வந்த வாசனைப் பொருளும் ஒருங்கே இருந்தன என்பதற்கு இவை சான்று. அவ்வடுக்களைகளுக்கு வேண்டிய கத்திகளின் இரும்பும் அவ்வாறே வேற்றிடத்திலிருந்து வந்ததாதல் வேண்டும்.

அவ்விரும்பு ஈழத்திலேயே உயர்ந்த தரத்தில் உருவாகிற்று. அநுராதபுரத்து அகழ்வுகள் கி.மு. 900 அளவிலேயே இரும்பின் பயன்பாடு அங்கு தொடங்கிவிட்டதைக் காட்டுகின்றன. அநுராதபுரத்தைத் தழுவிவரும் அருவி ஆறு மன்னார்க் கடலிலேயே கலக்கின்றது. மத்திய மலைநாட்டின் தென்சரிவில் உள்ள சமனலவெவவில் கில் ஜூலெப் நடத்திய ஆய்வு இதனினும் வியப்பானது. கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை, மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் உலைகளை அமைத்து, துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தாலேயே அங்கு இரும்பை உருக்கினர். 1994இல் அதே வடிவில் உலையமைத்துப் பரிசோதித்தபோது கரிமம் மிகுந்த எஃகு கிடைத்தது. இம்முடிவுகள் 1996இல் நேச்சர் இதழில் வெளியாகி உலகின் கவனத்தை ஈர்த்தன.

இவ்வுலைகள் எரிந்த காலத்திலேயே, 9ஆம் நூற்றாண்டில், பக்தாத்தின் அறிஞர் அல்கிந்தி வாள்களின் வகைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கலீபா அல்முஃதசிமுக்கு உரைக்கப்பட்ட அந்நூல் எந்நாட்டு எஃகு சிறந்தது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பவற்றை விளக்குகின்றது. அதிற் சரந்தீபி எனப்படும் ஈழத்து எஃகும் தனி இடம் பெறுகின்றது. வெட்டுங் கருவியைத் தேர்வோர்க்கு வழிகாட்டிய பழைய நூல்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். அலகின் நிறம், மேற்பரப்பில் ஓடும் வரிகள் முதலிய அடையாளங்களைக் கொண்டே அல்கிந்தி தரத்தை வகுக்கின்றார். வாங்குபவன் கண்ணாற் கண்டு தீர்மானிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

எஃகின் தரம் எதனால் அமைகின்றது? தூய இரும்பு மென்மையானது. அதிற் கூர் நிலையாது. நூற்றில் ஒரு பங்கு அளவான கரிமம் சேரும்போது அது வன்மை பெறுகின்றது. செந்தழலாகக் காய்ந்த அலகை நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கும்போது அவ்வன்மை முழுமையடைகின்றது. பின்னர் இளஞ்சூட்டில் மீண்டும் காய்ச்சினால் நொறுங்குந்தன்மை நீங்குகின்றது. வன்மை மிகுந்தால் விளிம்பு உதிரும், குறைந்தால் மடியும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிவதே கொல்லனின் கைத்திறன். ஈழத்திலும் தென்னிந்தியாவிலும் இரும்புத்துண்டுகளை மரச்சிராய்களோடு களிமண் மூசைகளில் அடைத்து உருக்கி இக்கரிமத்தைச் சேர்த்தனர். தமிழில் இதற்கு உருக்கு என்று பெயர்.

இதன் சிறப்பை ஐரோப்பியரும் உணர்ந்தனர். இந்தியாவிலிருந்து லண்டனுக்கு அனுப்பப்பட்ட உருக்கை ஜோர்ஜ் பியர்சன் ஆராய்ந்து 1795இல் கட்டுரை வெளியிட்டார். கத்தி செய்வதைத் தொழிலாகக் கொண்ட ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் அவ்வுருக்கைத் தானே அடித்துப் பார்த்து, அதன் சிறப்பைப் போற்றித் தன் கத்திகளுக்குப் பயன்படுத்தினார். 1820, 1822 ஆகிய ஆண்டுகளில் அவரும் மைக்கேல் பரடேயும் இணைந்து எஃகுக் கலப்புலோகங்கள் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டனர்.

ஆனால் 1856இல் பெசமர் கண்ட முறை எஃகை விரைவாகவும் மலிவாகவும் பெருக்கியது. கப்பல் கப்பலாக வந்த இறக்குமதி இரும்பின் முன் உள்நாட்டு உலைகள் நிலைக்கவில்லை. கனிப்பொருள் ஆய்வுத்துறையின் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் நூலில் இவ்வுருக்குமுறையை விவரித்தபோது, அத்தொழில் ஏறத்தாழ அழிந்துவிட்டிருந்தது.

1913இல் ஷெபீல்ட் நகரில் ஹரி பிறியர்லி குரோமியம் கலந்த துருவேறா எஃகைக் கண்டார். வினாகிரியாலும் கறைபடாத அது சமையலறைக்கு வரமெனத் தோன்றியது. ஆயினும் அவ்வூர்க் கத்தித் தொழிலாளர் முதலில் அவரை வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என எள்ளினர். அவ்வெள்ளலில் ஓருண்மை இருந்தது. துருவேறாமையும் கூர்மையும் வெவ்வேறு குணங்கள். ஒன்று இருப்பதனாலேயே மற்றதும் இருக்குமென்று கொள்ளலாகாது. பிற்காலத்தில் இரண்டையும் ஒருங்கே உடைய எஃகுகள் தோன்றினவெனினும், சந்தையில் மலிந்தவை பளபளப்பை மட்டும் உடையனவே.

மன்னாரின் அடுக்களையில் இவ்வேறுபாடு நாள்தோறும் வெளிப்படுகின்றது. உப்புக்காற்று வீசும் பேசாலையிலும் வங்காலையிலும் கரிம எஃகுக் கத்தியைக் கழுவித் துடையாது வைத்தால் மறுநாளே துரு படியும். புளியும் தேசிக்காயும் அதனைக் கறுக்கச் செய்யும். அதனால் அரிந்த வாழைக்காயிலும் கருமை ஏறும். இக்குறைகளுக்கு ஈடாக, அக்கத்தி சாணைக்கல்லில் சிலமுறை தீட்டிய அளவில் கூர்பெறும். துருவேறா அலகுக்குப் பராமரிப்புக் குறைவு. தீட்டுவதோ பெரும்பாலும் கடினம். எனவே சீலா, பாரை போன்ற பெருமீனைத் துண்டாக்கக் கனத்த முதுகுடைய கரிம எஃகுக் கத்தியும், தக்காளிக்கும் தேசிக்காய்க்கும் துருவேறாச் சிறுகத்தியும் வைத்திருத்தல் அறிவுடைமையாகும்.

கம்மாலையில் கத்தி வாங்குவோர் அலகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வளைவு பார்ப்பர். நகத்தாற் சுண்டி ஓசை கேட்பர். அலகின் வால் கைப்பிடியினுள் ஆழ இறங்கியுள்ளதா என நோக்குவர். பழைய லொறிகளின் வில்லுத்தகடுகளைக் கொல்லர் விரும்புவது, அவற்றில் கத்திக்கு ஏற்ற கரிமம் உண்மையாலேயே. கத்தி மடிந்தால் வாங்கியவர் மீண்டும் அக்கம்மாலைக்கே வருவார். கொல்லன் மறுமொழி சொல்லியாகவேண்டும். இந்தப் பொறுப்பே தரத்துக்குக் காவலாக நின்றது.

அக்காவலைப் போர் சிதைத்தது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் குடும்பங்கள் தம் உடைமைகளைக் கைவிட்டுப் புத்தளம் பகுதிக்குச் சென்றன. தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி இராமேசுவரம் சென்றன. கைவிடப்பட்ட வீடுகளைப் பற்றிப் பேசப்படுவதுண்டு; அவ்வீடுகளின் அடுக்களைகளில் கிடந்த, தாயின் கைக்குப் பழகிய கத்திகளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பழகிய கத்தியோடு, அதனைச் செய்த கொல்லன் யார், தீட்டும் முறை எது என்ற அறிவும் கைநழுவியது. 2009இல் போர் முடிந்தபின் மீண்டவர் புதிதாகக் குடித்தனம் தொடங்கியபோது, விலைமலிந்த ஒளிரும் அலகே எளிதிற் கைக்கு எட்டியது.

எனவே கத்தி தேர்தல் என்பது அற்பமான வீட்டுக்காரியம் அன்று. பருவக்காற்றில் எஃகு உருக்கியவனும், வரிகளைக் கொண்டு வாளின் தரம் பிரித்தவனும், நகத்தாற் சுண்டிப் பார்த்த மன்னார்ப் பெண்ணும் ஒரே அறிவின் வழிவந்தவரே. அவ்வறிவு நூல்களில் முழுமையாக எழுதப்படவில்லை. கையிலிருந்து கைக்கு மாறியே வாழ்ந்து வந்தது. கம்மாலைகளில் உலை இன்னும் எரியும் காலத்திலேயே, கொல்லரிடமும் முதிய இல்லத்தரசியரிடமும் கேட்டு அதனைப் பதிவு செய்தல் மன்னாரின் வரலாற்றை எழுத முற்படும் இளைய தலைமுறையின் கடமையாகும்.