சீன மூலிகைகளும் சிறுநீரக நோயும்: முப்பது ஆண்டுகால ஆய்வுகள் கூறுவது என்ன?

சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டு வந்த சில மூலிகைகள், சிறுநீரகத்தை மீளமுடியாத அளவுக்குச் சிதைப்பதுடன் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகின்றன என்பது 1990களில் தெரியவந்தது. இவற்றில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் வேதிப்பொருளே இதற்குக் காரணம். இந்த நஞ்சு எவ்வாறு கண்டறியப்பட்டது, உடலில் எவ்வாறு செயல்படுகிறது, எந்தெந்த நாடுகளைப் பாதித்தது, இந்தியாவுக்கு இதனால் என்ன தொடர்பு என்பது குறித்த விளக்கம் வருமாறு:

பிரசெல்ஸில் தொடங்கிய விசாரணை

பெல்ஜியத் தலைநகர் பிரசெல்ஸில் உள்ள சிறுநீரக மருத்துவர்களிடம் 1992ஆம் ஆண்டில் இரண்டு பெண்கள் சிகிச்சைக்கு வந்தனர். இருவருக்கும் சிறுநீரகங்கள் மிக வேகமாகச் செயலிழந்து வந்தன. நீரிழிவு, நீண்டகால உயர் ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் எவையும் தென்படவில்லை. இருவரும் ஒரே உடல் எடைக் குறைப்பு மையத்தில் ஒரே சிகிச்சையைப் பெற்றவர்கள் என்பது மட்டுமே பொதுவான அம்சமாக இருந்தது.

இதையடுத்து, நகரின் பிற சிறுநீரக சிகிச்சைப் பிரிவுகளின் பதிவேடுகள் ஆராயப்பட்டன. அதே சிகிச்சையை மேற்கொண்ட, 50 வயதுக்கு உட்பட்ட மேலும் ஏழு பெண்கள் இதே நோயால் பாதிக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. ஜான்-லூயி வான்ஹெர்வெகெம் தலைமையிலான குழு இந்த விவரங்களை 1993இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டது.

அந்த எடைக் குறைப்பு மையம் சுமார் 15 ஆண்டுகள் எந்தப் புகாரும் இன்றி இயங்கி வந்தது. 1990ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அதன் மருந்துக் கலவையில் இரண்டு சீன மூலிகைகள் புதிதாகச் சேர்க்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 'ஸ்டெபானியா டெட்ரான்ட்ரா' என்று பெயரிடப்பட்டிருந்தது. ஆனால், மருந்துப் பொடிகளை வேதிப் பகுப்பாய்வு செய்தபோது, அந்தத் தாவரத்துக்கே உரிய டெட்ரான்ட்ரின் என்ற பொருள் எதிர்பார்த்தபடி கிடைக்கவில்லை. மாறாக, பெரும்பாலான மாதிரிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருப்பது 1994இல் உறுதிசெய்யப்பட்டது.

பெயர்க் குழப்பமே இதற்குக் காரணம். ஸ்டெபானியா டெட்ரான்ட்ராவைச் சீன மொழியில் 'ஹான் ஃபாங் ஜி' என்பர். அரிஸ்டோலோக்கியா ஃபாங்ச்சி என்ற முற்றிலும் வேறான தாவரம் 'குவாங் ஃபாங் ஜி' எனப்படுகிறது. மூலிகைச் சந்தையில் இரண்டும் 'ஃபாங் ஜி' என்றே சுருக்கமாக அழைக்கப்பட்டதாலும், காய்ந்த வேர்கள் பார்வைக்கு ஒத்திருந்ததாலும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று அனுப்பப்பட்டுவிட்டது. பெல்ஜியத்தில் 100க்கும் மேற்பட்டோர் இதனால் பாதிக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ் அல்லது சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

புற்றுநோய் அபாயம்

சிறுநீரகச் செயலிழப்புடன் பாதிப்பு முடிந்துவிடவில்லை. சில நோயாளிகளின் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் தென்பட்டதால், முற்றிலும் செயலிழந்துபோன சிறுநீரகங்களையும் சிறுநீரகத்தைச் சிறுநீர்ப்பையுடன் இணைக்கும் குழாய்களையும் முன்னெச்சரிக்கையாக அகற்றிவிடலாம் என்று மருத்துவர்கள் பரிந்துரைத்தனர். 39 பேர் இதற்கு இசைந்தனர். அகற்றப்பட்ட உறுப்புகளை ஆராய்ந்ததில் 18 பேருக்கு, அதாவது 46 சதவீதத்தினருக்கு, புற்றுநோய் இருந்தது. எஞ்சிய 21 பேரில் 19 பேரின் திசுக்களில் இயல்புக்கு மாறான செல் மாற்றங்கள் காணப்பட்டன. ஜோயெல் நோர்ட்டியே தலைமையிலான குழு 2000ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இதை வெளியிட்டது. மொத்தம் 200 கிராமுக்கு மேல் அந்த மூலிகையை உட்கொண்டவர்களிடம் புற்றுநோய் அபாயம் கூடுதலாக இருந்ததும் அந்த ஆய்வில் தெரியவந்தது.

இது குறித்த எச்சரிக்கைகள் முன்பே வெளிவந்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது. சீனாவில் 'மு டோங்' என்ற மூலிகையை அதிக அளவில் உட்கொண்ட இருவருக்குத் தீவிரச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதை வூ சோங்ஹான் என்ற மருத்துவர் 1964லேயே பதிவுசெய்திருந்தார். எலிகளுக்கு அரிஸ்டோலோக்கிக் அமிலம் புற்றுநோயை உண்டாக்குவது தெரியவந்ததால், 1980களின் தொடக்கத்தில் ஜெர்மனி அந்த அமிலம் கலந்த மருந்துகளைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. எனினும், அந்தத் தகவல்கள் மூலிகை வணிகத்தை எட்டவில்லை.

நஞ்சு செயல்படும் விதம்

ரத்தத்தில் கலக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலத்தைச் சிறுநீரகத்தின் நுண்குழல் செல்கள் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. கழிவுப் பொருள்களை ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதற்காக அமைந்த கடத்திப் புரதங்களே இந்த நஞ்சையும் செல்லுக்குள் கொண்டுசேர்க்கின்றன. பிற உறுப்புகளைவிடச் சிறுநீரகம் கடுமையாகப் பாதிக்கப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

செல்லுக்குள் சென்றபின் நொதிகளால் இந்த அமிலம் வேதிமாற்றம் அடைகிறது. அப்போது உருவாகும் வீரியமிக்க மூலக்கூறு, டிஎன்ஏவில் உள்ள அடினைன் என்ற காரப் பொருளுடன் இறுகப் பிணைந்துகொள்கிறது. டிஎன்ஏவில் ஏற்படும் சேதங்களைத் தேடிச் சரிசெய்யும் செல்லின் பழுதுநீக்கும் அமைப்பு இந்தப் பிணைப்பைப் பெரும்பாலும் அடையாளம் காண்பதில்லை. இதனால், மூலிகையை நிறுத்திப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் அதன் தடயம் சிறுநீரகத் திசுவில் நிலைத்திருக்கிறது.

செல் பிரியும்போது, பாதிக்கப்பட்ட அடினைனுக்கு எதிரே தவறான எழுத்து இடம்பெறுகிறது. அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் வந்து அமர்கிறது. மனிதப் புற்றுநோய்களில் பொதுவாக அரிதாகக் காணப்படும் இந்த வகைப் பிறழ்வு, அரிஸ்டோலோக்கிக் அமிலத்தின் கைரேகையாக இப்போது கருதப்படுகிறது. நோயாளி எந்த மூலிகையை உண்டார் என்பது தெரியாவிட்டாலும், கட்டியின் மரபணு வரிசையைப் படித்தே காரணத்தைக் கண்டறிய இது வழிவகுத்துள்ளது.

மறுபுறம், நுண்குழல் செல்கள் மடிந்து அவற்றிடையே நார்த்திசு படர்கிறது. சிறுநீரகங்கள் சுருங்குகின்றன. நோய் முற்றும் வரை பெரும்பாலோருக்கு உடல் வீக்கமோ, கடுமையான ரத்த அழுத்தமோ தோன்றுவதில்லை. சிறுநீரகப் பாதிப்பின் அளவுக்குப் பொருந்தாத கடும் ரத்தசோகை இந்நோயின் முக்கிய அடையாளம். நோய் கண்டறியப்படும்போது சிறுநீரகத் திறனில் பெரும்பகுதி இழக்கப்பட்டிருப்பது இதனாலேயே.

பால்கன் கிராமங்களும் தைவானும்

டான்யூப் ஆற்றின் கிளை நதிகளையொட்டிய பல்கேரியா, செர்பியா, போஸ்னியா, குரோஷியா, ருமேனியா நாட்டுக் கிராமங்களில் விவசாயக் குடும்பங்களைத் தாக்கிய ஒரு விநோதச் சிறுநீரக நோய் 1950களில் இருந்தே பதிவாகி வந்தது. ஒரு கிராமத்தில் பலர் மடிய, அடுத்த கிராமத்தில் எவருக்கும் நோய் இருக்காது. குடிநீர், பூஞ்சை நச்சு, கிருமி எனப் பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. கோதுமை வயல்களில் களையாக வளரும் அரிஸ்டோலோக்கியா கிளெமட்டிட்டிஸ் செடியின் விதைகள் அறுவடையின்போது தானியத்துடன் கலந்து ரொட்டி மாவில் சேர்கின்றன என்ற கருத்து 1969இல் முன்வைக்கப்பட்டது. ஆனால், அது போதிய கவனம் பெறவில்லை.

பெல்ஜிய நோயாளிகளின் சிறுநீரகத் திசுவும் பால்கன் நோயாளிகளின் திசுவும் நுண்நோக்கியில் ஒரே மாதிரி இருந்ததுதான் அந்தக் கருத்துக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் கிரோல்மேன் தலைமையிலான குழு, பால்கன் நோயாளிகளிடம் அரிஸ்டோலோக்கிக் அமிலப் பிணைப்புகளும் அதற்கே உரிய மரபணுப் பிறழ்வும் இருப்பதை 2007இல் நிறுவியது. அரை நூற்றாண்டுப் புதிருக்கு இவ்வாறு விடை கிடைத்தது.

தைவானில் நிலைமை இன்னும் விரிவானது. அங்கு 1997 முதல் 2003 வரையிலான காப்பீட்டுப் பதிவுகளின்படி, மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல் இந்த அமிலம் கலந்திருக்கக்கூடிய மூலிகைகள் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. மேல் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் மிக அதிகமாகக் காணப்படும் நாடுகளில் தைவானும் ஒன்று. அத்தகைய 151 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில், 60 சதவீதத்தினரின் சிறுநீரகத்தில் இந்த நஞ்சின் தடயம் இருந்தது. 2017இல் வெளியான மற்றொரு ஆய்வு, தைவானில் பரிசோதிக்கப்பட்ட 98 கல்லீரல் புற்றுநோய்க் கட்டிகளில் 78 சதவீதத்தில் இதே கைரேகை காணப்படுவதாகத் தெரிவித்தது.

தடைகளும் இடைவெளிகளும்

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அரிஸ்டோலோக்கியா இனத் தாவரங்கள் அடங்கிய மூலிகை மருந்துகளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களாக 2002இல் வகைப்படுத்தியது. பின்னர் அந்த அமிலமும் அதே பிரிவில் சேர்க்கப்பட்டது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001இல் நுகர்வோருக்கு எச்சரிக்கை விடுத்தது. தைவான் 2003இல் இவ்வகை மூலிகைகளுக்குத் தடை விதித்தது. சீனா 2003, 2004ஆம் ஆண்டுகளில் குவான் மு டோங், குவாங் ஃபாங் ஜி உள்ளிட்டவற்றை விலக்கியது. மா டோ லிங் போன்றவை 2020ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அந்நாட்டு மருந்து நூலிலிருந்து நீக்கப்பட்டன. தடைக்குப் பின்னரும் இணைய விற்பனை வழியாக இத்தகைய பொருள்கள் கிடைப்பதாகப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் எச்சரித்து வருகின்றனர்.

சிறுநீரக நோய்க்கு மருந்தாகும் மூலிகைகள்

சீன மூலிகைகள் அனைத்தும் சிறுநீரகத்துக்குக் கேடு என்று இந்த ஆய்வுகள் கூறவில்லை. அஸ்ட்ராகலஸ் என்ற வேர், ரூபார்ப், கார்டிசெப்ஸ் பூஞ்சை ஆகியவை சீனாவில் சிறுநீரக நோயாளிகளுக்கு வழங்கப்படுகின்றன. 'இடிக் கடவுளின் கொடி' எனப் பொருள்படும் லெய் கோங் டெங் என்ற கொடி, சிறுநீரில் புரதம் வெளியேறுவதைக் குறைப்பதாகச் சீன மருத்துவப் பரிசோதனைகள் காட்டியுள்ளன. அதே மூலிகை கல்லீரலைப் பாதிப்பதும், இனப்பெருக்கத் திறனைக் குறைப்பதும் பதிவாகியுள்ளன. இவை தொடர்பான பரிசோதனைகள் பலவும் சிறியவை, குறுகிய காலத்தவை. டயாலிசிஸ் தேவையை இவை தள்ளிப்போடுமா என்ற முக்கிய வினாவுக்கு நீண்டகாலப் பரிசோதனைகளே விடையளிக்க முடியும்.

இந்தியாவுக்கு என்ன தொடர்பு?

அரிஸ்டோலோக்கியா இனத் தாவரங்கள் இந்தியாவிலும் வளர்கின்றன. தமிழில் ஈசுரமூலி, கருடக்கொடி என அழைக்கப்படும் கொடியும், ஆடுதீண்டாப்பாளையும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. பாம்புக்கடி, காய்ச்சல், குடற்புழு போன்றவற்றுக்கு இவை நாட்டு மருத்துவத்தில் இடம்பெற்றுள்ளன. ஈசுரமூலி வேரில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருப்பது வேதியியல் ஆய்வுகளில் நெடுநாட்களுக்கு முன்பே நிறுவப்பட்டுள்ளது. எனவே, இவற்றை வீட்டு வைத்தியமாகத் தாமே உட்கொள்வது பாதுகாப்பானதல்ல.

ஆயுஷ் மருந்துகளின் பாதக விளைவுகளைப் பதிவுசெய்ய, டெல்லியில் உள்ள அகில இந்திய ஆயுர்வேத நிறுவனத்தைத் தேசிய மையமாகக் கொண்டு மருந்துக் கண்காணிப்புத் திட்டம் செயல்பட்டு வருகிறது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

அரிஸ்டோலோக்கிக் அமிலத்தால் ஏற்படும் சிறுநீரகச் சிதைவை முழுமையாக மாற்றியமைக்கும் மருந்து இதுவரை இல்லை. மூலிகையை உடனே நிறுத்துவதே முதல் நடவடிக்கை. நோய் மெதுவாக முன்னேறும் கட்டத்தில் ஸ்டீராய்டு சிகிச்சை சிலருக்குப் பலன் அளித்துள்ளது. மூலிகையை நிறுத்திய பிறகும் புற்றுநோய் அபாயம் நீடிப்பதால், இவர்களுக்குச் சிறுநீர்ப் பாதையைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் தொடர்ந்து பரிசோதிப்பது அவசியம்.

உட்பொருள்களின் தாவரவியல் பெயர் அச்சிடப்படாத மூலிகைப் பொடிகள், எடைக் குறைப்பு மாத்திரைகள், இணையத்தில் வாங்கும் வெளிநாட்டுத் தயாரிப்புகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். எந்த மூலிகை மருந்தை எவ்வளவு காலம் உட்கொண்டோம் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். நீண்ட காலம் உட்கொண்டவர்கள் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதம் வெளியேறுகிறதா என்பதையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. பிரசெல்ஸ் மருத்துவர்கள் காரணத்தைக் கண்டறிந்தது, நோயாளிகள் தாங்கள் உட்கொண்டதை ஒளிவின்றிக் கூறியதால்தான்.