சாவி கொடுத்த காலம்

1961இல் சிட்டிசன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியபோது, அரசு விற்றது மணி பார்க்கும் ஒழுங்கையும் சேர்த்துத்தான். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனை 1928லேயே அந்த ஒழுங்கை உடம்பில் ஏற்றியிருந்தது. சங்கு ஊதினா உள்ளே போயாகணும். காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், விசுவரூபம் தொடங்கி அரவணைவரை ஓடிய பொழுது வேறு.

1987க்குப் பின் டைட்டனின் குவார்ட்ஸ் வந்து சாவி கொடுக்கும் பழக்கத்தைத் தின்றது. 2016இல் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்ததும் 'ஜனதா'வுக்கு மவுசு. இன்று சந்தைக்கு வருவதில் பல, முகப்புக்குப் புதுச் சாயம் பூசியவை. சாயத்தையாவது பொறுத்துக்கலாம். பின்மூடியின் உட்புறம் பழுதுபார்த்தவர் ஊசியால் கீறிவைத்த தேதியையும் சிலர் பாலீஷ் போட்டு அழிச்சிடுறாங்க. எண்ணெய் மாற்றுங்கள், மெயின்ஸ்பிரிங் மாற்றுங்கள். பெயரில்லாத அந்தத் தொழிலாளியின் எழுத்தில் ஏன் கைவைக்கணும்?