முல்லோயாவும் யுத்தகால அரசாங்க சபையும்

மலைநாட்டுத் தொழிற்சங்கப் போராட்டத்தில் உயிரிழந்தவர்களைப் பேசும்போது, முல்லோயா கோவிந்தன் என்ற பெயரைப் பெரியவர்கள் முதலில் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, 1940 ஜனவரியில் பொலிசார் சுட்டதில் அவர் மாண்டார். ஐரோப்பிய யுத்தம் மூண்டு அப்போது நான்கே மாதம்.

அன்று அரசாங்க சபையில் மந்திரி பதவி எதுவுமின்றிப் பின்வரிசையில் இருந்தவர் ருவன்வெல்லைப் பிரதிநிதி டாக்டர் என். எம். பெரேரா. அவிசாவளைப் பிரதிநிதி பிலிப் குணவர்த்தனாவும் அவரும் 1936இல் சபைக்கு வந்த சமசமாஜிகள். சபை பிரிட்டனுக்கு ஆதரவாய் நின்றபோது, இது ஏகாதிபத்திய யுத்தம், இலங்கைத் தொழிலாளிக்கு இதில் பங்கில்லை என்று எதிர்த்தவர்கள் இவ்விருவரே. சபையில் அவர்கள் பலம் இரண்டு வாக்குத்தான். ஆனால் தோட்டங்களில் அவர்கள் சங்கம் வேரூன்றி வந்தது. துரைமாரை நடுங்க வைத்தது அதுவே.

முல்லோயா விசாரணைக் கமிஷன் முன் கோவிந்தனின் மனைவிக்காக டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜரானார். விசாரணை முடியுமட்டும் வேலைநிறுத்தக்காரர் மீதான வழக்குகளைத் தள்ளிவைக்குமாறு உள்நாட்டு மந்திரி சேர் பாரன் ஜயதிலக்க சொன்னார். பொலிஸ் மாஅதிபர் பாங்ஸ் கேட்கவில்லை. கவர்னர் கால்டிகொட் பொலிஸ் பக்கம் நின்றார். பெப்ரவரியில் மந்திரிகள் அனைவரும் இராஜிநாமாச் செய்தனர்! பிறகு சமரசமாகி மீண்டும் பதவி ஏற்றார்கள் என்பது வேறு விஷயம். ஆயினும் ஒரு தோட்டத் தொழிலாளியின் சாவு மந்திரி சபையையே அசைத்தது. அதை நாம் சாமானியமாக எண்ணலாகாது.

1940 ஜூனில் யுத்தகாலப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பெரேராவும் குணவர்த்தனாவும் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். கொழும்பில் ஜப்பானியர் குண்டு போட்ட இரண்டாம் நாள், 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு, கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து கொல்வினும் எட்மண்ட் சமரக்கொடியும் உட்பட நால்வரும் தப்பினர். கூடவே சென்றவர் காவலர் சொலமன். அதே ஆண்டு பர்மா ஜப்பானியர் வசமாகி அங்கிருந்து வந்த அரிசி நின்றது. லயங்களில் பங்கீட்டு அரிசியும் கோதுமை மாவுமே மிஞ்சின. அந்த நாட்களில் நமக்காகப் பேசச் சபையில் அவர்கள் இல்லை.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பெரேரா எதிர்த்தார். நன்றி. 1964 அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தபோது, அந்த அரசாங்கத்தின் நிதி மந்திரியும் அவரே.