சிசிஎன்ஏ சான்றிதழ்: சப்ரகமுவத் தோட்டப்பகுதிகளில்

சிசிஎன்ஏ என்பது அமெரிக்காவின் சிஸ்கோ நிறுவனம் 1998 முதல் வழங்கிவரும் கணினி வலையமைப்புத் தொழிற் சான்றிதழ். ரவுட்டர், சுவிட்ச், வைஃபை கருவிகளைப் பொருத்தவும் பழுது கண்டு திருத்தவும் தெரிந்தவர் என்பதற்கான தொடக்கநிலைச் சான்று இது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தில், பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கத் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வளரும் மலையகத் தமிழ் இளைஞருக்குப் பட்டம் இல்லாமலே கணினித் துறைக்குள் நுழைய உள்ள வழிகளில் இதுவும் ஒன்று. பரீட்சைக்கு உயர்தரச் சித்தியோ வேறு முன்தகுதியோ கேட்கப்படுவதில்லை. உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் மிகக் குறைவாக உள்ள மாகாணத்தில் இது சிறிய விடயமன்று.

இப்போதைய பரீட்சையின் எண் 200-301. 2020 பெப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பாடத்தை இரண்டாகப் பிரித்து, முதற்பாதிக்கு ஒரு சிறு சான்றிதழும் பெற முடிந்தது. அந்த வசதி அன்றோடு நின்றது. நேரம் 120 நிமிடங்கள். பாடப் பங்கீட்டில் ஐபி இணைப்புக்கு 25 சதவீதம், வலையமைப்பு அடிப்படைக்கும் அணுகலுக்கும் தலா 20, பாதுகாப்புக்கு 15, ஐபி சேவைகளுக்கும் தானியக்கத்துக்கும் தலா 10. விடையளித்துத் தாண்டிய கேள்விக்குத் திரும்ப முடியாது.

பலரைத் தடுக்கி விழுத்துவது சப்நெட் கணக்கு, அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சிறு வலையமைப்புகளாகப் பிரிப்பது. ஒரு தோட்டத்துக்கு 192.168.10.0/24 என்ற முகவரித் தொகுதி கிடைத்திருக்கிறது. பெக்டரி, ஆபிஸ், டிஸ்பென்சரி, பிள்ளைக் காம்பரா நான்குக்கும் தனித்தனி வலையமைப்பு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொகுதி நான்கு /26 ஆகப் பிரியும். தொடக்க எண்கள் 0, 64, 128, 192. ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள். முதலாவதும் கடைசியும் கழிய 62 கருவிகளுக்கு இடமுண்டு. இதைக் கல்குலேட்டர் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் போடப் பழக வேண்டும். கணக்கு கடினமில்லை, பயிற்சிதான் வேண்டும். மொழிதான் பெரிய தடை: பரீட்சை ஆங்கிலத்திலும் ஜப்பானியத்திலும் மட்டுமே உண்டு, தோட்டப் பிள்ளைகளோ பெரும்பாலும் தமிழ்மூலம் படித்தவர்கள். ஆகவே பாடத்தோடு ஆங்கில வாசிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும். பயிற்சிக்குக் கருவி வாங்கத் தேவையில்லை. சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

பரீட்சைக் கட்டணம் 300 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தால் 90,000 ரூபாய். 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தக் கணக்கில் ஒருவர் 67 நாள் கொழுந்து பறித்த கூலி ஒரு பரீட்சைக்குப் போகிறது. 2022 நெருக்கடியில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது இதே கட்டணம் 60,000இலிருந்து ஒரு இலட்சத்தைத் தாண்டியது. தோற்றால் மறுபடி முழுக் கட்டணம். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நல்ல புள்ளி வரும்வரை பதிவு செய்யாமல் இருப்பதே குடும்பத்துக்குச் செய்யும் நியாயம். திருட்டுக் கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்து எழுதினால் சான்றிதழையே ரத்துச் செய்ய நிறுவனத்துக்கு அதிகாரமுண்டு.

வீட்டிலிருந்தும் இணையவழி எழுதலாம். ஆனால் தனி அறை, அமைதி, அறுபடாத இணைப்பு மூன்றும் கட்டாயம். வேறொருவர் உள்ளே வந்தாலே பரீட்சை நிறுத்தப்படலாம். குடும்பமே புழங்கும் லயக் காம்பராவில் இது நடக்கிற காரியமில்லை. கொழும்பிலுள்ள பியர்சன் வியூ பரீட்சை நிலையத்துக்குப் போவதே பாதுகாப்பு. பதிவிலுள்ள பெயர் அடையாள ஆவணத்திலுள்ள பெயரோடு பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று பெயர் எழுதப்பட்டோர் மலையகத்தில் பலர். அதை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும்.

சித்தியடைந்தபின் சான்றிதழ் 3 ஆண்டு செல்லும். அடுத்த படியான சிசிஎன்பி என்டர்பிரைசுக்கு 350-401 என்ற மையப் பரீட்சையும் ஒரு சிறப்புப் பரீட்சையும் எழுத வேண்டும். கட்டணம் 400, 300 டொலர். இணையப் பாதுகாப்பு, கிளவுட், லினக்ஸ், பைதான் வழித் தானியக்கம் என்று பக்கக் கிளைகளும் உண்டு. உடனே இன்னொரு பரீட்சைக்குக் கடன் வாங்குவது பிழையான தேர்வு. முதலில் வேலை: தொலைத்தொடர்பு நிறுவனத்தின் களப்பணி, வங்கியின் உதவிமேசை, கருவி பொருத்தும் ஒப்பந்தகாரர், எதுவானாலும் சரி. வேலைக்களம் கற்பிப்பதற்கு ஓர் உதாரணம்: சப்ரகமுவவில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் கடுமை. செப்புக் கம்பிவழி வரும் மின்னெழுச்சி ரவுட்டரை எரித்துவிடும். நில இணைப்பு, எழுச்சித் தடுப்பான், மின்சாரம் கடத்தாத ஃபைபர் ஆகியவற்றின் அருமை களத்தில்தான் தெரியும்; பரீட்சைப் பாடத்திட்டத்தில் அவை இல்லை. எந்தக் கிளை தனக்குப் பொருந்தும் என்பதும் அங்கேதான் தெளியும். மூன்றாண்டு முடியுமுன் மேற்படி மையப் பரீட்சையில் சித்தியடைந்தால் சிசிஎன்ஏயும் தானாகப் புதுப்பிக்கப்படும். அதனால் அடுத்த செலவை அந்தக் கெடுவை ஒட்டித் திட்டமிடலாம்.

தனியார் நிறுவனங்கள் சிசிஎன்ஏயை மதிக்கின்றன. அரச துறையிலும் உள்நாட்டுக் கல்வி ஏணியிலும் எடுபடுவது தேசிய தொழிற் தகைமையாகிய என்விகியூ. அதன் 4ஆம் மட்டத்திலிருந்து 5, 6ஆம் மட்ட டிப்ளோமாக்களுக்கும், இரத்மலானையிலுள்ள வாழ்க்கைத்தொழில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் 7ஆம் மட்டப் பட்டத்துக்கும் போகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டமான பிஐடியை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். சிசிஎன்ஏயோடு இவற்றில் ஒன்றையும் சேர்த்துப் பிடிப்பவருக்கே கதவு அகலமாகத் திறக்கும். எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் பணம் கட்டுமுன், அது மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா என்று கேட்டுப் பாருங்கள்.